கல்லா மணி

"இதை யாரு குடுக்கச் சொன்னா?"

லிண்டவுரா பிரசவ வார்டில் நர்ஸாக வேலை பார்த்த காலம் முழுக்க வாயில் வைத்திருந்த கேள்வி இது. பிரேசிலின் மோன்டெஸ் கிளாரோஸ் ஊரில் பாதிப் பேர் அந்த வார்டில் பிறந்தவர்கள்தான். அவர்களுடைய அம்மாக்களில் யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வியை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள். பச்சைக் குழந்தையின் வாயிலிருந்து ரப்பர் நிப்பிளைப் பிடுங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவாள். தேன் வாசனை வந்தால் போச்சு. பெற்றவளை விட்டுவிடுவாள். கட்டிலின் கால்மாட்டில் சோம்புத் தண்ணீர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவி மாதிரி உட்கார்ந்திருக்கும் மாமியாரைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி போகும். டாக்டர்கள்கூட அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

அவளுக்கு ஏன் தேன்மேல் அவ்வளவு கோபம் என்பது கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் ஜனுவாரியா பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கையில் தொங்கியது. அழத் தெம்பில்லை, பால் உறிஞ்சத் தெம்பில்லை, கண்ணிமையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. நல்லாத் தூங்கட்டும் என்று நிப்பிளில் தேன் தொட்டுக் கொடுத்திருந்தார்கள். தேனுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உறங்கிக் கிடக்கும், பெரியவர்கள் வயிற்றில் அது பாட்டுக்குப் போய்விடும், ஒரு வயது நிறையாத வயிற்றில் விழித்துக்கொள்ளும் என்று அன்றைக்கு டாக்டர் சொன்னார். அந்தக் குழந்தை திரும்பி வீட்டுக்குப் போகவில்லை. லிண்டவுரா அதை மறக்கவும் இல்லை.

அவளுக்கு இன்னொரு குணமும் உண்டு. வாயிலிருந்து எந்தச் சொல்லும் அளவு மீறி வராது. 'சரியாகிவிடும்' என்று எந்தத் தாயிடமும் சொன்னதில்லை. 'கொஞ்சம் நல்லா இருக்கான்', 'இன்னைக்குக் கொஞ்சம் பால் குடிச்சான்', அவ்வளவுதான். அந்தக் 'கொஞ்சம்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் தாய்மார்கள் இரவைக் கழித்தார்கள். லிண்டவுரா சொன்னால் அது அப்படித்தான் இருக்கும் என்பது ஊரில் பதிந்துபோன பேச்சு. அவளுக்கு இருந்த ஒரே சொத்து அதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

முதுகு போனதும் வேலையை விட்டாள். ஆனால் தாய்மார்கள் அவளை விடவில்லை. குழந்தை தூங்கவில்லை என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார்கள். அடுப்பில் காப்பித் தண்ணீர் கொதிக்கும்போதே இவளும் பதில் குரல் அனுப்புவாள். விளக்கை எப்போது அணைப்பது, வயிற்றை எந்தப் பக்கமாகத் தடவுவது, எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம். ஒன்றுவிட்ட அண்ணன் மகன் எவால்டோ ஒரு நாள் சமையலறையில் பாலாடைக்கட்டி ரொட்டியைத் தின்றபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். ஊர்ப் பல்வைத்தியர்களுக்கும் ஜிம்காரர்களுக்கும் இணையத்தில் விளம்பரம் போட்டுக்கொடுக்கிற பிழைப்பு அவனுக்கு. கெட்டவன் இல்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் இதை எப்படி விற்பது என்று யோசிக்கிற புத்தி.

"அத்தை, இதைப் புஸ்தகமாப் போடு. பேப்பர்ல இல்ல, போன்லயே படிக்கிற மாதிரி. கூட நாலு வீடியோ. நீ எத்தனை பேருக்குத்தான் ஒவ்வொருத்தரா வாய் வலிக்கப் பேசுவ?"

வாய் வலித்தது உண்மைதான். அவன் கேமரா பிடித்தான், அவள் பேசினாள். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே, ஒரு வயதுக்கு முன்னால் தேன் கிடையாது, ஆறு மாதத்துக்கு முன்னால் எந்தக் கஷாயமும் கிடையாது என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னாள். தலைப்பு 'கொஞ்சம் நல்லாத் தூங்கும்' என்றாள். எவால்டோ தலையில் கைவைத்துக்கொண்டான்.

"யாராவது காசு குடுத்துக் கொஞ்சம் வாங்குவாங்களா அத்தை?"

"நெசம் கொஞ்சந்தான்டா. வேணும்னா வாங்கட்டும்."

அதற்குப் பிறகுதான் எந்தத் தளத்தில் வைத்து விற்பது என்ற பேச்சு வந்தது. பணத்தை வாங்கி, புத்தகத்தை அனுப்பி, விற்றுக்கொடுக்கும் கமிஷன்காரர்களுக்கு அவரவர் பங்கைப் பிரித்துக் கொடுக்கிற தளங்கள் பிரேசிலில் தெருவுக்குத் தெரு முளைத்திருந்த காலம் அது. எவால்டோ இரண்டை எடுத்துவைத்தான். ஒன்று பாயோல். அதில் கமிஷன்காரன் யாராக இருந்தாலும் முதலில் எழுதிக் கேட்க வேண்டும். என்ன சொல்லி விற்கப்போகிறான் என்று காட்ட வேண்டும். புத்தகக்காரி சரி என்றால்தான் அவனுக்கு லிங்க் கிடைக்கும். இன்னொன்று ப்ராஸா. ப்ராஸா என்றால் தணல். அங்கே கதவே கிடையாது. எவனும் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டு உடனே விற்க ஆரம்பிக்கலாம். தன் பங்குக்குப் போனஸ் என்று எதை வேண்டுமானாலும் சேர்த்தும் கொடுக்கலாம். எந்தப் பொருள் எவ்வளவு விற்கிறதோ அதற்கேற்ப அதன் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் ஏறும். சூடு ஏற ஏற கடை முகப்பில் மேலே வரும். மேலே வந்தால் இன்னும் ஆயிரம் கமிஷன்காரர்கள் வந்து ஒட்டுவார்கள்.

லிண்டவுரா பாயோல்தான் என்றாள். அங்கேயே வைத்தார்கள். புத்தகம் அங்கே உட்கார்ந்தது, உட்கார்ந்துகொண்டே இருந்தது. ஒரு மாதத்தில் வாங்கியவர்களில் பாதிப் பேர் அவள் சொந்தக்காரர்கள். கமிஷனுக்கு விற்கிறேன் என்று கேட்டு வந்தவர் ஒரே ஒரு பள்ளி ஆசிரியை. அவரும் ஒரு விற்பனைகூடச் செய்யவில்லை. எவால்டோ முனகிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் மடிக்கணினியைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே வைத்தான். ப்ராஸாவில் எவளோ ஒருத்தி குழந்தைத் தூக்கத்தைப் பற்றி எழுதிய புத்தகம். நகப்பூச்சு, பல் வெளுப்பு, சிரிப்பு. குழந்தையை எடுத்துப் பழக்கமே இல்லாதவள் என்பது அவள் பொம்மையைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவளுடைய தெர்மாமீட்டர் சிவந்து கிடந்தது.

"இவ சொல்றதை நாடே கேக்குது அத்தை. நீ சொல்றதை உங்க தெருதான் கேக்குது."

அது சுருக்கென்று தைத்தது. இருந்தும் லிண்டவுரா கேட்க வேண்டியதைக் கேட்டாள். முகம் தெரியாத ஒருவன் என் பேரைச் சொல்லி விற்கலாமா என்றாள். அதற்கு எவால்டோ சொன்ன பதில்தான் அவளைக் கவிழ்த்தது. நீ வார்டில் கேட்டலாக் வைத்துச் சென்ட்டும் உதட்டுச்சாயமும் விற்கவில்லையா, கம்பெனிக்காரன் உன் முகத்தையா பார்த்தான் என்று கேட்டான்.

உண்மைதான். அவளும் விற்றாள், வார்டில் கூட வேலை பார்த்த செல்மாவும் விற்றாள், ஊரில் பாதிப் பெண்கள் விற்கிறார்கள். கேட்டலாக்கைக் கையில் வைத்திருக்கும் பெண் எல்லாத் தெருவிலும் உண்டு. மேல்தோல் அரிக்கும் க்ரீமை நல்லது என்று சொல்லி விற்றால் மறுநாள் ரொட்டிக்கடையில் அதே ஆளின் முகத்தில் விழிக்க வேண்டுமே, அந்த வெட்கத்துக்காகவே பொய் சொல்லமாட்டார்கள். கமிஷனுக்கு விற்பது என்றால் லிண்டவுராவுக்குத் தெரிந்தது அந்த உலகம்தான். ப்ராஸாவின் கமிஷன்காரர்களும் அப்படித் தெருவுக்கு ஒருத்தி என்று நினைத்துவிட்டாள். எந்த ரொட்டிக்கடையிலும் யார் முகத்திலும் விழிக்கத் தேவையில்லாத ஜாதி அது என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

எவால்டோ கடகடவென்று கட்டங்களில் குறி போட்டான். யாராக இருந்தாலும் தானாக அனுமதி, குறி. போனஸ் சேர்க்கலாம், குறி. வீடியோவையும் படத்தையும் குரலையும் விளம்பரத்துக்கு வெட்டி ஒட்டிக்கொள்ளலாம், குறி. கடைசிப் பொத்தானை மட்டும் அத்தை கையால் அழுத்தச் சொன்னான், ராசிக்காக. அவள் சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினாள்.

விற்கும்போதெல்லாம் போனில் ஒரு சத்தம் வரும். பழைய கடைகளில் கல்லாப்பெட்டியைத் திறந்தால் அடிக்குமே, அந்த மணி. அது முதலில் எப்போதாவது அடித்தது, பிறகு தினமும் அடித்தது, பிறகு அதற்கு நேரம் காலம் இல்லாமல் போயிற்று. ரொட்டிக்கடை வரிசையில் அடித்தது. பஸ்ஸில் அடித்தது. ஞாயிறு பூசையில் பாதிரியார் அப்பத்தைத் தூக்கும்போது அடித்து, முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. லிண்டவுராவுக்கு முகம் சிவந்தாலும் உள்ளுக்குள் குளிர்ந்தது. வயசான காலத்தில் ஒரு பெருமை வந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

அவளுடைய ஞானமகள் தாய்னாராவுக்கு அந்தச் சத்தம் என்றால் கொள்ளை ஆசை. லிண்டவுராதான் அவளை வார்டில் முதலில் கையில் வாங்கியவள், ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்போது ஞானத்தாயாக நின்றவளும் அவளே. பெற்றவள் சின்ன வயதிலேயே வேலை தேடித் தூரதேசம் போய்விட்டதால், தாய்னாராவுக்கு எல்லாமே 'டிண்டா'தான். ஞானத்தாயை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். இப்போது அவளுக்கே ஒரு குழந்தை, கயோ, தவழ ஆரம்பிக்காத வயசு. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வந்தாள். வாசலிலேயே வழக்கம்போல, "ஆசீர்வாதம் டிண்டா" என்றாள். "கடவுள் ஆசீர்வதிக்கட்டும்" என்று இவளும் வழக்கம்போலச் சொன்னாள்.

புத்தகத்தைச் சும்மா அனுப்புகிறேன் என்று லிண்டவுரா முன்பே சொல்லியிருந்தாள். தாய்னாரா ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கு மேசையில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி போனில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று அடுப்பு மேடையில் இருந்த லிண்டவுராவின் போனில் மணி அடித்தது. தாய்னாரா காப்பி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். எதுக்குடி இந்தச் சிரிப்பு என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல டிண்டா, சத்தம் நல்லா இருக்கு என்றாள். லிண்டவுராவும் சிரித்தாள். கயோகூட மணிச்சத்தத்துக்குத் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

அந்த வாரமே ஒரு செய்தி வந்தது. பாரா மாநிலத்திலிருந்து, யாரோ ஒரு தாய். 'டோனா லிண்டவுரா, சொட்டு தீர்ந்துபோச்சு, இன்னும் கொஞ்சம் செஞ்சு குடுக்கலாமா?' என்று எழுதியிருந்தாள். டோனா என்பது அங்கே பெரியவளை மரியாதையாக அழைக்கிற சொல். லிண்டவுராவுக்குப் புரியவில்லை. எந்தச் சொட்டு, குழந்தைக்கு எத்தனை மாதம் என்று திருப்பி எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் படம்கூட மறைந்துபோயிருந்தது.

லிண்டவுரா எவால்டோவுக்குக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்து இணையத்தில் தன் பேரைத் தானே தேடிப்பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் தன் முகமே தன்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தது. அவள் சமையலறை, அவள் நீலச் சட்டை, அவள் குரல். ஆனால் வாய் வேறு எதையோ சொன்னது. 'இன்னைக்கு ராத்திரியே உங்க குழந்தை விடிய விடியத் தூங்கும். நான் சொல்றேன்.' அந்தக் 'கொஞ்சம்' எங்கேயும் இல்லை. உதடுகள் மட்டும் வார்த்தைக்கு ஒரு இமைப்பொழுது பிந்தி அசைந்தன. எவனோ கம்ப்யூட்டரில் அவள் குரலைப் போலவே செய்து ஒட்டியிருந்தான். விற்றவன் பேர் 'தூக்க வித்தகர்' என்று இருந்தது. இந்த லிங்க்கில் வாங்கினால் லிண்டவுராவின் ரகசிய அமைதிச் சொட்டு இலவசம், வேறெங்கும் கிடைக்காது என்று கீழே மஞ்சள் எழுத்தில் ஓடியது.

தன் வாய் தன் அனுமதி இல்லாமல் பேசுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். எழுந்து போய்க் கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்தாள். பட்டப்பகல், வெளியே பால்காரனின் வண்டி போய்க்கொண்டிருந்தது.

வித்தகருக்கு எழுதினாள். மரியாதையாகத்தான் எழுதினாள். நான் சொல்லாததைச் சொல்லாதே, அந்தச் சொட்டு என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றாள். ஒரு சிவப்பு இதயப் படத்தோடு குரல் செய்தி வந்தது. இளம் குரல், தேன் ஒழுகும் குரல் என்றே சொல்லலாம்.

"பொருள் உங்களுது, போனஸ் என்னுது, கடவுள் எல்லாருக்கும் பொது டோனா. சூடு ஏறிட்டிருக்கு, சந்தோசமா இருங்க."

ப்ராஸாவுக்கு எழுதினாள். உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று இயந்திரம் பூப்படம் போட்டுப் பதில் அனுப்பியது. கமிஷன்காரர் தரும் போனஸுக்குத் தளம் பொறுப்பல்ல என்றும் அந்தப் பூவுக்குக் கீழே இருந்தது. பாயோலாக இருந்திருந்தால் அந்த வித்தகர் வாசலிலேயே நின்றிருப்பான். ஆனால் அதை இப்போது சொல்லி என்ன?

அப்புறம்தான் எவால்டோவைக் கூப்பிட்டாள். விற்பனையை நிறுத்து என்றாள். அவன் பதறிப்போனான். அன்னையர் தினம் இரண்டு ஞாயிறு தள்ளி நிற்கிறது, நாட்டில் கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடி அன்றைக்குத்தான் எல்லாம் விற்கும், இப்போது அணைத்தால் தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கும், பிறகு எத்தனை ஊதினாலும் ஏறாது என்றான். சொட்டு என்னவாக இருக்கும் என்று கேட்டாள்.

"ஏதாவது மழைச்சத்தம் போட்ட பாட்டா இருக்கும். இல்லேன்னா சாமந்திப்பூத் தண்ணி. பேருக்குச் சொட்டுன்னு போட்டிருப்பான். அன்னையர் தினம் தாண்டட்டும் அத்தை, திங்கக்கிழமை நானே அவனைத் தூக்கிடறேன்."

லிண்டவுராவின் கதையில் எல்லாம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. அந்தச் சொட்டு என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அந்த லிங்க்கில் தானே வாங்கிப் பிரித்துப் பார்ப்பது. கால் கிலோ பாலாடைக்கட்டி விலைதான். விரல் அந்தப் பச்சைப் பொத்தான்வரை போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. ஒருவேளை பார்த்தால் நிறுத்தியே ஆக வேண்டியிருக்கும். நிறுத்தினால் மறுபடி தெருவுக்கு மட்டும் பேசும் லிண்டவுராதான். நிப்பிளை மோந்து பார்க்காமல் ஒரு குழந்தையைக்கூட விடாத அந்தப் பெண்பிள்ளை, விரலை எடுத்துக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நடுவிலிருந்த நாட்களில் மணி அடிக்கும்போதெல்லாம் தோள் தூக்கிப்போட்டது. இருந்தும் சத்தத்தை நிறுத்தவில்லை. சத்தம் இல்லாமல் விற்பது அதைவிடப் பயமாக இருந்தது.

அன்னையர் தினத்தன்று வீட்டில் விருந்து. அந்தப் பக்கத்துக் காடுகளில் காய்க்கும் பெக்கிப் பழத்தை உப்புநீரில் போட்டுவைத்திருந்தாள், அதை எடுத்துக் கோழி சமைத்திருந்தாள். தெரு முழுக்க அந்த வாசனை. எவால்டோ மடிக்கணினியை விருந்து மேசையிலேயே திறந்துவைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒருதரம் சூடு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தான். தாய்னாரா அம்மாவாகக் கொண்டாடுகிற முதல் அன்னையர் தினம். புதுப் பூப்போட்ட கவுன் போட்டிருந்தாள், முகத்தில் தூங்கித் தெளிந்த பளபளப்பு இருந்தது. ஆசீர்வாதம் கேட்டாள், வாங்கினாள். கயோ தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் உங்க புண்ணியம் டிண்டா. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். இப்ப எழுப்பினாக்கூட எழுந்திரிக்க மாட்டேங்கறான்."

லிண்டவுராவுக்கு மனசு நிறைந்தது. இத்தனை நாள் அரித்த பயத்துக்கு இது மருந்து மாதிரி இருந்தது. பார், என் புத்தகம் நல்லதுதான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டு குழந்தையைக் கையில் வாங்கினாள். தலை சாய்ந்து தோளில் விழுந்தது. கொஞ்சம் அதிகமாகவே கனத்து விழுந்தது. இரண்டு மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை, அழுகைகூடப் பூனைக்குட்டி மாதிரி மெல்லிசாகிவிட்டது, நல்ல பிள்ளையாகிவிட்டான் என்று தாய்னாரா கோழியை எலும்போடு கடித்தபடி சொன்னாள். லிண்டவுராவின் உள்ளங்கைக்கு ஏதோ தெரிந்தது. கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றது. இமையைத் தூக்கிப் பார்க்க விரல் போனது.

அந்த நேரம் பார்த்து எவால்டோ மேசையைத் தட்டிக் கத்தினான். தெர்மாமீட்டர் உச்சியைத் தொட்டுவிட்டது. மணி விடாமல் அடித்தது, எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், யாரோ குழந்தையை வாங்கிக்கொண்டார்கள், யாரோ அவளைக் கட்டிப்பிடித்தார்கள். பிறகு கேக் வெட்டினார்கள். கயோ அத்தனை கூச்சலிலும் கண் திறக்கவில்லை. மணிச்சத்தத்துக்கும் தலையைத் திருப்பவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் காப்பித்தூள் டப்பாவைத் திறக்கும்போது தாய்னாரா கூப்பிட்டாள். பாலை வாயில் வைத்தால் வழிந்துவிடுகிறது டிண்டா, கழுத்து நிற்கவில்லை டிண்டா என்றாள். லிண்டவுரா டப்பாவை மூடக்கூட இல்லை. எவால்டோவின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் சிவப்பு விளக்குகளைப் பார்த்து வாய்க்குள் திட்டிக்கொண்டே போனாள். அவனையும் திட்டினாள். 

அதே கட்டடம், அதே பச்சைச் சுவர். குழந்தைகள் பிரிவில் அன்றைக்குச் செல்மா இருந்தாள். முப்பது வருஷம் கூட நின்று வேலை பார்த்தவள், கேட்டலாக்கில் பங்கு போட்டு விற்றவள். கயோவை உள்ளே கொண்டுபோய்க் குழாய் போட்டிருந்தார்கள். அவன் மூச்சை இயந்திரம் விட்டுக்கொண்டிருந்தது. செல்மா வெளியே வந்து தாய்னாராவின் முன்னால் நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே என்ன கேட்கப்போகிறாள் என்று லிண்டவுராவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கேள்வியைச் செல்மாவுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

"குழந்தைக்குத் தேன் குடுத்தியா?"

தாய்னாரா தலையாட்டினாள்.

"யாரு குடுக்கச் சொன்னா?"

தாய்னாரா அழுதுகொண்டே லிண்டவுராவைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. நீங்களே சொல்லுங்கள் டிண்டா, நான் சரியாகத்தானே செய்தேன் என்கிற பார்வை. பிறகு போனை எடுத்து, புத்தகத்தோடு போனஸாக வந்த குரல் செய்தியை அழுத்தினாள். ஆஸ்பத்திரி நடையில் லிண்டவுராவின் குரல் கேட்டது, கனிவாக, அவசரமில்லாமல். ஒரு கரண்டி தேன், அதில் சாமந்திப்பூத் தண்ணீர், ராத்திரிக்கு ராத்திரி நாக்கில் சொட்டு விடுங்கள் என்றது. புஸ்தகத்தில் தேன் கூடாது என்று இருக்கும், அது கடையில் விற்கிற தேனுக்குச் சொன்னது, நாட்டுத் தேன் ஒன்றும் செய்யாது, நான் சொல்கிறேன் என்றும் சொன்னது. நடையில் உட்கார்ந்திருந்த இரண்டு தாய்மார்கள் நிமிர்ந்து லிண்டவுராவைப் பார்த்தார்கள். குரலை அவர்களுக்கும் தெரியும்.

"சும்மா அனுப்பறேன்னீங்கல்ல டிண்டா? ஓசியில வாங்க எனக்கு மனசு வரல. உங்க போன்ல மணி அடிக்கணும்னு ஆசையா இருந்துச்சு. விளம்பரத்துல உங்க முகம் இருந்துச்சு, அதை அழுத்தி வாங்கினேன். அன்னைக்கு உங்க சமையல்கட்டுல வச்சுத்தான் வாங்கினேன்."

லிண்டவுரா சுவரைப் பிடித்துக்கொண்டாள். செல்மா அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். இது நீ இல்லைதானே, யாரோ செய்ததுதானே என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது நிஜமும்கூட.

"நான்தான் சொன்னேன், செல்மா. எழுதிக்கோ."

முறிவு மருந்து மாநிலத் தலைநகர் பெலோ ஒரிசோன்டேயிலிருந்து விமானத்தில் வர வேண்டும் என்றார்கள். லிண்டவுரா பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.  விற்பனையை நிறுத்து என்ற பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். 'நிச்சயமாகவா? உங்கள் சூடு முழுவதும் இழக்கப்படும்' என்று தளம் கேட்டது. அழுத்தினாள். 'ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களுக்குக் கமிஷன்காரர்கள் பணம் கட்டியிருப்பதால், உங்கள் கோரிக்கை நாளை முதல் நடைமுறைக்கு வரும்' என்றது. இன்னொரு முறை அழுத்தினாள். அதே பதில். எவால்டோ போனைப் பிடுங்கி அழுத்திப் பார்த்தான். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான், யாரையோ கூப்பிட்டுக் கத்துவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது.

தாய்னாரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் சாய்வது போலவே அவள் தோளில் சாய்ந்தாள். பிழைச்சுடுவானா டிண்டா என்று கேட்டாள். இந்த நடையில் எத்தனையோ தாய்மார்கள் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. கொஞ்சம் நல்லா இருக்கான் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல் வரவில்லை. அவள் குரல்மேல் அவளுக்கே நம்பிக்கை போயிருந்தது.

அப்போது மடியில் இருந்த போனில் கல்லா மணி அடித்தது. தாய்னாரா அழுகையை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"இது யாரு வீட்டுக் குழந்தை, டிண்டா?"